மேல்வீட்டு மெத்தையும் கராசுதானி அழுகண்ணியும்

ஜூன் 11, ஞாயிறு

பத்து மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிட்டாள். வெயில் அடித்தால் போதும், ஐந்தாம் மாடித் தோகாஷிக்குக் கை ஊறும். பால்கனிக் கம்பியில் மெத்தையைப் போட்டு, பிரம்பை எடுத்துக்கொண்டு, ஜென்ம எதிரி கையில் சிக்கியதுபோல மொத்துவாள். பஞ்சு, நூல் பிசிறு, தலைமுடி எல்லாம் நேராக நாலாம் மாடிக்கு, என் பால்கனிக்கு.

வேறு யாராவது என்றால் காயும் துணியை உதறிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். என்னிடம் இருப்பது அழுகண்ணி. இலையெல்லாம் சிவப்பு முடி, முடி நுனியெல்லாம் பசைத்துளி. கொசு வருமா, எறும்பு வருமா என்று காத்துக் கிடக்கும் செடி. பஞ்சு விழுந்தாலும் பூச்சி என்று நம்பிச் சுருட்டிக்கொள்கிறது. தின்னவும் முடியாது, விடவும் தெரியாது. கடைசியில் இலை கறுத்துப் போகிறது. வாரம் முழுக்கப் பல்செட் பட்டறையில் இடுக்கி பிடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் இடுக்கி.

போதாதற்கு இது பூ விரியும் காலம். வெயில் பட்டால் காலையில் கொஞ்ச நேரம்தான் திறக்கும், சுண்டுவிரல் நகம் அளவு, வெளிர் ரோஜா நிறம். இன்று அதன்மேல் ஒரு நரைமுடி. என் தலையில் இன்னும் அவ்வளவு நரை இல்லை.

ஜூன் 14, புதன்

வாகுயி போன் செய்தார். எங்கள் பூச்சித்தின்னிச் செடிச் சங்கத்தின் தலைவர். எப்போதும் மெல்லப் பேசுகிற மனிதர், இன்று கத்தினார்.

"உகாய் சான், நகராட்சி ஒத்துக்கிச்சு! கராசுதானியில மூங்கிலை வெட்டி, பழையபடி ஊத்துத் தண்ணியைத் திருப்பி விடுறாங்க. அடுத்த மே மாசம் நம்ம செடியைக் கொண்டுபோய் அங்கயே நட்டுடலாம்."

மலைப்பாதை போடும்போது ஊற்று திசைமாறி, கராசுதானிச் சதுப்பு செத்தது. அதற்கு முன்னால் அனுமதி வாங்கி, மூன்று பேர் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வந்தோம். வாகுயியின் பங்கு அவர் கண்ணாடிக் குடிலில் இருந்த வெளிநாட்டு அழுகண்ணிகளோடு கலந்துவிட்டது. விதை தூசி மாதிரி பறக்கும், எது எதன் பிள்ளை என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. இன்னொருவர் பங்கு போன வருட வெயிலில் வெந்தது. நான் மட்டும் மற்ற இனங்களையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"இப்ப இந்த உலகத்துலயே கராசுதானி அழுகண்ணி உங்க பால்கனியில மட்டும்தான் இருக்கு" என்றார்.

போனை வைத்துவிட்டு அந்த எட்டுத் தொட்டிகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம்தான். பயமும்தான். அண்ணாந்து பார்த்தால் ஒரு சாண் கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம் அவள்.

ஜூன் 18, ஞாயிறு

படிக்கட்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். "மெத்தையை அடிக்காமல், தூசி உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்தால் கீழ்வீட்டாருக்கு உதவியாக இருக்கும். – குடியிருப்போர்." பெயர் போடவில்லை. மரியாதையாகத்தான் எழுதினேன்.

மாலையில் அதன் பக்கத்திலேயே இன்னொரு தாள். "பூச்சி தின்னும் செடி வளர்த்து ஈ, கொசுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் இருந்தால் மேல்வீட்டாருக்கு உதவியாக இருக்கும். – குடியிருப்போர்."

அதே அளவுத் தாள். குண்டூசி மட்டும் என்னுடையதைவிடப் பெரியது.

ஜூலை 2, ஞாயிறு

புல் வெட்டும் நாள். வீட்டுக்கு ஒருவர் இறங்கி வரவேண்டும். என்னை எந்தப் பக்கம் நிறுத்தினாலும் தோகாஷி அரிவாளோடு அந்தப் பக்கம் வந்துவிடுகிறாள். அறுபத்தெட்டோ ஒன்பதோ ஆகிறது. மீனை அரைத்துக் குழல் குழலாகச் சுடுகிற மீன்குழல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவள், குரலில் இன்னும் இயந்திரச் சத்தத்தை மிஞ்சுகிற பழக்கம்.

"என்ன உகாய் சான், முகமெல்லாம் மஞ்சள் பூத்துக் கெடக்கு? டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"மேலருந்து விழுற தூசியைத் தின்னா வேற என்ன நெறம் வரும்?"

"அப்ப உங்க செடி மட்டும் செவப்பா இருக்கே. அதுவும் அதைத்தான தின்னுது?"

எல்லாரும் சிரித்தார்கள். முதல் மாடிக்காரர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

வலது விலாவுக்குக் கீழே இரண்டு நாளாக ஒரு வலி. குனிந்து புல் வெட்டியதால் இருக்கும்.

ஜூலை 24, திங்கள்

மழைக்காலம் முடிந்தது. தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் பார்த்தால் இல்லை.

ஆகஸ்ட் 5, சனி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். கல் நாளத்தை அடைத்துக்கொண்டதாம். மஞ்சளுக்குக் காரணம் தூசி இல்லை என்று தெரிந்துவிட்டது.

நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. புதன்கிழமை காலை தட்டுகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வலியில் சுருண்டு விழுந்தேன். கன்னத்தில் பால்கனித் தரை சுட்டது. என் முனகல் மேலே கேட்டிருக்க வேண்டும், பிறகு தலைக்கு மேலே கிறீச்சென்று சத்தம். தீப்பிடித்தால் இறங்குவதற்கென்று மேல்வீட்டுப் பால்கனித் தரையில் ஓர் இரும்பு மூடி உண்டு, திறந்தால் ஏணி விழும். மூடி திறந்து, ஏணி விழுந்து, ஏணியில் முதலில் பூப்போட்ட செருப்பு இரண்டு இறங்கியது. செத்துவிட்டேன் போல, வந்திருப்பது நரகத்து ஆள் என்று நினைத்தேன். தோகாஷி.

நர்ஸ் கேட்கிறாள், "அவங்க உங்க அக்காவா? ஆம்புலன்ஸ்ல கையை விடாம புடிச்சிக்கிட்டே வந்தாங்களே."

இல்லை என்றேன். பின்னே யார் என்று கேட்டாள். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

தொட்டிகளை நினைத்தால் தையல் போட்ட இடம் இழுக்கிறது. வெளியே முப்பத்தாறு டிகிரி. வீட்டுச் சாவி என் பையில். யார் போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள்?

ஆகஸ்ட் 8, செவ்வாய்

தோகாஷி பார்க்க வந்தாள். பித்தப்பை எடுத்தவளுக்கு எண்ணெயில் பொரித்த மீன்குழல் ஒரு டப்பா! நர்ஸ் பார்த்துப் பறித்துக்கொண்டு போனாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "செடியைப் பத்திக் கவலைப்படாதீங்க. தெனம் ஏணியில எறங்கி நான்தான் ஊத்துறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிடம் அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. நல்லவேளை, அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"சும்மாத் தண்ணி இல்லீங்க. அரிசி கழுவுன தண்ணி. அதுவும் மொதக் கழுவல், பால் மாதிரி வெள்ளையா. என் கத்தரிக்கா அதைக் குடிச்சுத்தான் இடுப்பு ஒசரம் வளந்துது."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. கழுநீர்! சத்தே இல்லாத மண்ணில் பிறந்து, மண்ணில் ஒன்றும் கிடைக்காததால்தானே பூச்சி பிடிக்கக் கற்றுக்கொண்டது அது. அதன் வேரில் சத்தை ஊற்றுவதும் விஷத்தை ஊற்றுவதும் ஒன்று. இந்த ஊரில் எந்தப் பொம்பளைக்கும் கழுநீரைச் சும்மா கொட்ட மனசு வராது. எல்லாச் செடிக்கும் அமுதம். இதற்கு மட்டும் –

இரண்டு நர்ஸுகள் ஓடி வந்தார்கள். "குழாத் தண்ணி! வெறும் குழாத் தண்ணி மட்டும்!" என்று நான் சொல்ல, "சரி சரி, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

வேண்டுமென்று செய்தாளா?

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வீட்டுக்கு வந்தேன். பால்கனிக் கதவைத் திறந்ததும் புளித்த சோற்று வாடை.

செடி வேரூன்றிய பாசியின்மேல் வெள்ளைப் பூஞ்சணம், தாடி மாதிரி. அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு. எட்டுத் தொட்டியிலும் ஓர் இலையில்கூடத் துளி இல்லை. தட்டில் பச்சைக் கொழகொழப்பு, அதில் கொசுப்புழு நெளிகிறது. கொசுவைத் தின்னும் செடியின் தட்டில் கொசு பிள்ளை பெற்றிருக்கிறது.

வேண்டுமென்று செய்திருந்தால்கூட நிம்மதியாக இருக்கும். வாய்விட்டுத் திட்டலாம். முட்டி வலியோடு தினமும் ஏணியில் இறங்கி வந்து, நல்ல மனசோடு கொன்றவளை என்ன செய்வது?

ஆகஸ்ட் 16, புதன்

நோயிலிருந்து எழுந்தவள் உதவி செய்தவர்களுக்குப் பதில் மரியாதை செய்தாக வேண்டும். நோய் மிச்சமில்லாமல் போகட்டும் என்று, கரைந்து போகிற பொருளாகத் தருவது வழக்கம். சோப்புப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

"உங்களாலதான் உயிர் பொழச்சேன். ரொம்ப நன்றி" என்று இடுப்பு வரைக்கும் குனிந்தேன். அதோடு நிமிர்ந்து வந்திருக்க வேண்டும். குனிந்தபடியே, "என் செடியைக் கொன்னுட்டீங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

"என்னது?"

"கொன்னுட்டீங்கன்னேன்."

"தெனம் எறங்குனேன். முட்டி ரெண்டும் பூசணிக்காயா வீங்கிப் போச்சு. உசுரைக் காப்பாத்துனதுக்கு ஒரு டப்பா சோப்பு, செடிக்குத் தண்ணி ஊத்துனதுக்குக் கொலைகாரிப் பட்டமா?"

"மெத்தையை அடிக்கிற கை வேற என்ன செய்யும்?"

"அரிசி கழுவுன தண்ணிக்குச் சாவுற செடியை நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்ல. இனிமே நீ விழுந்து கெட. நான் எறங்க மாட்டேன்."

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. கதவு மூடிக்கொண்டது. சோப்பை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஓரளவு சிவப்பு மிச்சமிருந்த இலைகளைத் தேடித் தேடி வெட்டினேன். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர், புதுப் பாசி, மூடி போட்ட டப்பா. இலையைப் பாசியின்மேல் படுக்க வைத்தால் இலையிலிருந்தே குட்டி முளைக்கும். நூறு தடவை செய்திருக்கிறேன். பட்டறையில் பல் அச்சு எடுக்கும்போதுகூட இவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை.

செப்டம்பர் 9, சனி

ஒன்றுகூட முளைக்கவில்லை. எல்லாம் கூழாகிவிட்டது. வெட்டுவதற்கு முன்பே விஷம் இலைக்குள் ஏறியிருந்திருக்கிறது.

செப்டம்பர் 12, செவ்வாய்

காலையில் டப்பாவையும், மண்ணும் பாசியும் கொட்டாமல் அப்படியே தொட்டிகளையும் ஒரே பையில் போட்டு, பையின்மேல் எழுத வேண்டிய பெயர்கூட எழுதாமல், எரியும் குப்பையில் கொண்டுபோய் வீசிவிட்டு வேலைக்குப் போனேன். மண் எரியாது என்று எனக்குத் தெரியாதா? பிளாஸ்டிக்கைத் தனியாகப் போட வேண்டும் என்று தெரியாதா? இந்தக் குடியிருப்புக்கு வந்த நாள் முதல் ஒரு பாட்டில் மூடியைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை. இன்று போட்டேன். கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது.

செப்டம்பர் 13, புதன்

குப்பை வண்டிக்காரர்கள் பையின்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். குப்பை முறை பார்க்கும் பொறுப்பு இந்த வருடம் யாருக்கு? ஐந்தாம் மாடிக்கு.

பலகையில் அறிவிப்பு, போட்டோவோடு. தட்டில் என் எட்டுத் தொட்டிகளையும் வரிசையாக அடுக்கிப் படம் பிடித்திருக்கிறாள். "எரியும் குப்பையில் மண்ணும் தொட்டியும் போட்டவர் 501-க்கு வந்து ஒப்புக்கொண்டு எடுத்துச் செல்லவும். அதுவரை இவை சாட்சியாக என் பால்கனியில் இருக்கும்."

இந்தப் படிக்கட்டில் இந்தத் தொட்டி யாருடையது என்று மூன்றாம் மாடி நாய்க்குக்கூடத் தெரியும். இருந்தும் 'போட்டவர்' என்று எழுதியிருக்கிறாள். நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியது. செத்தாலும் நடக்காது.

செப்டம்பர் 30, சனி

வாகுயி போன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார், எடுத்தேன்.

"செடியெல்லாம் எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றேன். ஐந்தாம் மாடிப் பால்கனியில் குப்பையாக இருக்கிறது. அதைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 9, திங்கள்

மூன்றாவது நாளாக அடைமழை. மெத்தைச் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 21, சனி

வாகுயியிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

பலகையில் புது போட்டோ. "குப்பை போட்டவர் இன்னும் வரவில்லை. நானும் விடுவதாக இல்லை." பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போனேன். இரண்டு படி இறங்கி நின்றுவிட்டேன். மறுபடி ஏறிப் போய்ப் பார்த்தேன்.

கறுத்த பாசியின்மேல் அங்கங்கே சிவப்புப் புள்ளி. அச்சுப் பிழையா? வீட்டுக்கு ஓடிப்போய், பல்லில் கீறல் பார்க்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுவந்து போட்டோவில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். முதல் மாடிக்காரர் பால் வாங்கிக்கொண்டு வந்தவர், பலகையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

புள்ளி இல்லை. குட்டி இலைவட்டம். ஒன்று, பக்கத்தில் ஒன்று, விளிம்பில் ஒரு கொத்து. பூத்த காலத்தில் பாசிக்குள் உதிர்ந்த விதை!

அவள் மாடிக்கு மேலே வேறு வீடு இல்லை, பால்கனிக்குப் பாதிக் கூரைதான். சாய்ந்து பெய்த மழையெல்லாம் தொட்டிக்குள் இறங்கிக் கழுநீரை அலசி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் குப்பை என்று போட்டது. அவள் சாட்சி என்று வைத்தது.

நவம்பர் 6, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. மேலே போனேன்.

"அடடே, உகாய் சான். வழி தவறி வந்துட்டீங்களா?"

"அந்தத் தொட்டிங்க..."

"எந்தத் தொட்டி? இங்க குப்பைதான் இருக்கு. யார் போட்ட குப்பைன்னுதான் தெரியல."

"நான்தான்" என்றேன்.

"காதுல விழலையே."

"நான்தான் போட்டேன்! மண்ணோட! எரியும் குப்பையில! பேர்கூட எழுதாம!"

மூன்றாம் மாடியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாய் குரைத்தது.

"இப்ப கேட்டுச்சு" என்று வழி விட்டாள்.

பால்கனியில் மண்டி போட்டேன். எண்ணவில்லை, எண்ண முடியவில்லை. அரிசி அளவு, மிளகு அளவு, எல்லாவற்றின் நுனியிலும் துளி. அழுதுவிட்டேன். அவள் முன்னால் அழக் கூடாது என்று நினைக்க நினைக்க அதிகமாக வந்தது.

"குப்பைக்கா இந்த அழுகை?" என்றாள். கேலிதான். ஆனால் ஒரு துண்டை எடுத்து என் தலையில் போட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன், சதுப்பு, வாகுயி, உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பது வரைக்கும். சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கக் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. கீழே கொண்டுபோய் எங்கே வைப்பேன்? இவள் மெத்தைக்கு அடியிலா? வாகுயியின் குடிலில் வெளிநாட்டு விதை. வீட்டுக்குள் விளக்கடியில் வளர்த்தால் நோஞ்சானாகி, சதுப்புக் காற்றில் நாலு நாள் தாங்காது. வெயிலும் மழையும் இருந்து, தலைக்கு மேல் யாரும் மெத்தை அடிக்காத ஒரே இடம் இவள் பால்கனி.

"இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"கெஞ்சுறீங்களா?"

"கேக்குறேன்."

"கேட்டா இல்ல. கெஞ்சுனா சரி."

கெஞ்சவில்லை என்று இங்கே எழுதிக்கொள்ளலாம், யார் பார்க்கப் போகிறார்கள். கெஞ்சினேன்.

நவம்பர் 26, ஞாயிறு

பொதுச் சுத்தம் செய்யும் நாளில் எல்லார் முன்னாலும் குப்பைக்காகக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அது அவள் போட்ட நிபந்தனை. "இன்னும் கொஞ்சம் குனியலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் குரல் என்று எழுத வேண்டியதில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

வாரா வாரம் மேலே போய்ப் பார்க்கிறேன். வாரா வாரம் சண்டை. தட்டில் தண்ணீர் அதிகம் என்பேன், குறைவு என்பாள். மழைத் தண்ணீர் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன். "சாமியார் மடம் மாதிரி சாப்பாடு, பாவம்" என்கிறாள். நான் இல்லாதபோது எறும்பு பிடித்துப் போடுகிறாள் என்று சந்தேகம். இன்று ஓர் இலையில் எறும்புக்கால் பார்த்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

கடவுளே. இரவுக் குளிருக்குப் பாவமாக இருந்தது என்று செடிகளின்மேல் பழைய மெத்தையைப் போர்த்தியிருக்கிறாள்! மெத்தையை!

"கொழந்தைங்க வெறைச்சுப் போச்சுன்னா?" என்கிறாள்.

"அது பனியில பொறந்தது!"

"பனியில பொறந்தா குளிராதா? நீங்க கூடத்தான் இந்த ஊர்ல பொறந்தீங்க, ஸ்வெட்டர் போடலியா?"

இடுக்கியை எடுத்தேன். மாலை வரைக்கும் பிசிறு எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே, "அந்த ஓரத்துல ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள். விட்டிருந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

புது இலை. நல்ல சிவப்பு. வாகுயிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசி வரை கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த அம்மாளை நான் பாக்கணுமே" என்றார். பார்த்து என்ன செய்யப் போகிறார், மாலை போடவா?

ஏப்ரல் 14, ஞாயிறு

கொடுக்க மாட்டாளாம்!

அடுத்த மாதம் சதுப்புக்குக் கொண்டுபோக வேண்டும், கூடை எடுத்து வருகிறேன் என்றுதான் சொன்னேன். "எதுக்கு?" என்றாள். நவம்பரிலேயே சொன்னேனே என்றேன்.

"சொன்னீங்க. அப்ப அது குப்பை. இப்ப பாருங்க, எப்படி இருக்குன்னு. இதைக் கொண்டுபோய்ச் சேத்துல போட்டுட்டு வந்தா, அங்க யார் பாத்துப்பா?"

"யாரும் பாத்துக்க வேணாம். அது அதோட எடம்."

"யாரும் பாத்துக்காமத்தான அங்க செத்துச்சு?"

சட்டப்படி அனுமதி என் பெயரில்தான் இருக்கிறது என்றேன். அனுமதித் தாளை நட்டு வளர்த்துக்கொள்ளச் சொன்னாள். கீழே வந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தேன். அந்த இரும்பு மூடி மேலிருந்துதான் திறக்கும், கீழிருந்து திறக்காது. மேலேயிருந்து அவளும் காலால் இடித்தாள். வாகுயிக்கு என்ன பதில் சொல்வேன்? நகராட்சி நாள் குறித்துவிட்டது. கிழவி, பிடிவாதக் கிழவி!

ஏப்ரல் 21, ஞாயிறு

கதவைத் திறக்கவில்லை. உள்ளே வானொலி ஓடியது.

ஏப்ரல் 28, ஞாயிறு

கதவுக்கு வெளியே நின்றே பேசினேன். "நான் எடுத்துக்கிட்டுப் போகல. நீங்களே கொண்டு வாங்க. வந்து எடத்தைப் பாருங்க. புடிக்கலன்னா திருப்பி எடுத்துக்கிட்டு வந்துடலாம்."

வானொலி நின்றது. "பஸ்ல எனக்கு வாந்தி வரும்" என்று உள்ளேயிருந்து குரல்.

வார்த்தை கொடுத்துவிட்டேன். இடம் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் நான் அவளைச் சேற்றில் தள்ளிவிடுவேன்.

மே 12, ஞாயிறு

போய்வந்தோம்.

பஸ்ஸில் போகிற வழியெல்லாம் கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. வாந்தியும் வரவில்லை. கராசுதானியில் மூங்கில் போய் வெளிச்சம் வந்திருக்கிறது. மண்ணுக்கு மேலே விரல் கனத்துக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடுகிறது. வாகுயி ஓடி வந்து அவளுக்குக் குனிந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. ரப்பர் பூட்ஸோடு நேரே தண்ணீரில் இறங்கி, குனிந்து, கையில் மொண்டு முகர்ந்து பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்தும் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லியே இதுல" என்றாள்.

"ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றேன்.

பக்கத்தில் ஒரு கல்லின்மேல் ஏதோ சின்ன ஈ உட்கார்ந்தது, எழுந்தது. "ஈ இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு முதல் கொத்தை அவளே எடுத்து நட்டாள். நான் காட்டிய இடத்தில் நடவில்லை, ஒரு முழம் தள்ளி. அந்த இடம் சரியான இடம்தான். அதை நான் சொல்லவில்லை.

எல்லாம் நட்டு முடிந்து ஒரு தொட்டி மட்டும் கூடையில் இருந்தது. சதுப்பில் ஏதாவது ஆனால் மறுபடி ஆரம்பிக்க, மாற்றுக்கு ஒன்று வெளியே இருக்க வேண்டும் என்பது சங்கத்து விதி. சதுப்புக்கு வெளியே மிஞ்சியது இது ஒன்றுதான். வாகுயி பெயர்ச்சீட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, "உகாய் சான் பேர்தானே?" என்று கேட்டார். வந்திருந்த சங்கத்துக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் குனிந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டிய இடத்தையே திரும்பத் திரும்பச் சுரண்டினாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் நான் காத்தது. என் பெயர்தான் இருக்க வேண்டும்.

"தோகாஷின்னு எழுதுங்க" என்றேன். "ஐநூத்தி ஒண்ணு."

"சங்கத்துல உறுப்பினரா இருக்கணுமே" என்றார் வாகுயி.

"அப்ப சேத்துக்கோங்க."

அவள் நிமிரவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றாள். குரல் தொழிற்சாலைக் குரல் இல்லை, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "கேட்டா நீங்க கெஞ்சச் சொல்வீங்க" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் எங்களைத் தவிர யாருமில்லை. அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். மலைப்பாதை, வளைவுக்கு வளைவு அவள் மடியில் தொட்டி சாயும். பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டாமா?